பாசத்துக்கும் கணக்கு உண்டு



வட்டகொடை ஸ்டேஷனில் கொழும்புக்கு ரயிலேறிய நம் மலையகப் பிள்ளைகள் பலர் சைவக் கடைகளில் தட்டுக் கழுவி, மாவாட்டி, கடைக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்தவர்கள். அதனால் சாப்பாட்டுக்கடைக்காரர் ஒருவரைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

முருகையா ராஜு, நம் பாட்டன் பூட்டனைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்தவர். 1930களில் தஞ்சைப் பக்கமிருந்து சிங்கப்பூர் போய், சிராங்கூன் ரோட்டில் ஒரு சைவ உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1947இல் அந்தக் கடையையே வாங்கினார். பலகையில் தன் பெயரை எழுதியிருக்கலாம். அவரோ பழைய முதலாளியின் மனைவி கோமளாம்பாளின் பெயரால் ‘கோமள விலாஸ்’ என்று வைத்தார். பிறகு அது அவர் குடும்பத்தாரின் தொழிலாக வளர்ந்தது. 2015 நவம்பரில் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங், இந்தியப் பிரதமர் மோடியை இராச்சாப்பாட்டுக்கு அழைத்துப்போனது அந்தக் கடைக்குத்தான்.

சோறு போட்ட வீட்டை மறக்காத குணம் அந்தப் பலகையில் இருக்கிறது. ஆனால் பலகையோடு குணம் நின்றுவிடக் கூடாது. “நீ நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி” என்று சொல்லியே சம்பளத்தை இழுத்தடிக்கும் முதலாளிமாரை நமக்குத் தெரியும். வீட்டுப் பிள்ளைக்குச் சேமலாப நிதி எதற்கு என்றும் கேட்பார்கள். நம் இலங்கைச் சட்டம் தெளிவானது: ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8, முதலாளி 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3. சம்பளத் துண்டில் எழுதப்படாத பாசம், வயதான காலத்தில் மருந்து வாங்க உதவாது.

பட்டம் பெறும் பிள்ளைகளே, உங்களில் சிலர் நாளை கடை திறப்பீர்கள். தலவாக்கலையிலோ, வெள்ளவத்தையிலோ, டொரொண்டோவிலோ. அண்ணன் தம்பியைக் கல்லாவில் உட்கார வையுங்கள், தப்பில்லை. அடுப்படியில் வேகிற பையனுக்கும் மாதம் பிறந்ததும் சம்பளத்தைக் கொடுங்கள்; நிதியைக் கட்டுங்கள்; தீபாவளிக்கு ஊருக்கு அனுப்புங்கள். அவனும் ஒரு லயத்து வீட்டின் நம்பிக்கை.