குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன் பற்றி நிறையப் பேசியாச்சு. நான் பச்சைக் குழந்தைகளைப் பற்றிப் பேசுறேன்.

சில குழந்தைகளுக்குக் கருவிலேயே ஓர் உறுப்பு முழுசா வளராமல் போயிடும். காது மடல் சிறுத்திருந்தா பார்த்ததும் தெரியும். ஆனா கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி சிறுத்திருந்தாலோ, இல்லாமலே போயிருந்தாலோ, பிறந்த அன்று தெரியாது. தாயிடமிருந்து வந்த சுரப்புநீர் கொஞ்ச நாள் காப்பாத்தும். குழந்தை அதிகமா தூங்கும். "அழாத பிள்ளை, சமத்து" என்போம். பால் குடிக்கச் சோம்பல், மலச்சிக்கல், இரண்டு வாரம் தாண்டியும் போகாத மஞ்சள் காமாலை, கரகரத்த அழுகை எல்லாம் பிறகுதான் வரும். அதற்குள் மூளை வளர வேண்டிய நாட்கள் போயிடும். போன நாள் திரும்பாது.

இது அபூர்வம் என்று நினைக்காதீங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைச் சோதித்தது. ஏறத்தாழ 1,100 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை இருந்தது.

கண்டுபிடிப்பது சுலபம். பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, டி.எஸ்.எச். அளவு பார்ப்பாங்க. குறை இருந்தா தினம் ஒரு தைராக்சின் மாத்திரை. பொடித்து, தாய்ப்பாலில் கரைத்து, கரண்டியில் கொடுக்கணும். இரும்புச்சத்து, கால்சியம் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்தால் மற்ற பிள்ளைகள் மாதிரியே வளரும், படிக்கும். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

"கிரகணத்தில வெளியே வந்தா, அதான் இப்படி" என்று மருமகளைப் பேசுறதை நம்ம தெருக்களில் கேட்டிருக்கேன். கருவில் தைராய்டு நாக்கின் அடியில் உருவாகி, கழுத்துக்கு இறங்கி வரணும். அந்த வளர்ச்சி தடைப்படுவதால்தான் பெரும்பாலும் இது வருது. அதுக்கும் கிரகணத்துக்கும் சம்பந்தமில்லை. பெற்றவளைக் குற்றம் சொல்லி வீணாக்கும் நேரம், குழந்தையின் நேரம்.

இந்தச் சோதனையை எல்லா இடத்திலும் தானாகவே எடுப்பதில்லை. நாமதான் கேட்கணும். வீட்டுக்குப் புறப்படும் முன், "குதிகால் ரத்தம் எடுத்தாச்சா? முடிவு எப்போ வரும்?" என்று கேளுங்க. எடுக்கலைன்னா செவிலியரிடம் சொல்லுங்க. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு அலைய வேண்டியிருந்தால், பஸ் காசுக்கும் போன கூலிக்கும் குழு உள்கடன் கொடுக்கட்டும். 2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் டாக்டர் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரும். அன்று பிள்ளையை அனுப்பத் தவறாதீங்க.

மாதக் கூட்டத்தில் சந்தா எழுதும்போதே, யார் வீட்டில் பிரசவம் என்றும் எழுதுவோம். அந்தப் பெயருக்கு நேரே, "சோதனை ஆச்சு" என்று டிக் விழணும்.