பச்சைப் புள்ளியும் ஆர்கானிக் பாலும்



பெங்களூர், மும்பை, தில்லி போன்ற நகரங்களில் சில காபிக் கடைகளில் ஒரு பலகை இருக்கிறது. "ஆர்கானிக் பால் காபி" என்று அதில் எழுதியிருக்கிறது. விலையும் கூடுதல்.

ஆர்கானிக் என்றால் என்ன? இயற்கை வேளாண்மை முறையில் கிடைத்தது என்று பொருள்.

"எல்லாப் பாலும் மாட்டின் மடியிலிருந்துதானே வருகிறது? அதில் என்ன வேறுபாடு?" என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் பால் மடியில் தொடங்குவதில்லை. மாடு தின்னும் தீவனத்தில் தொடங்குகிறது.

அந்தத் தீவனம் விளையும் நிலத்தில் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடக் கூடாது. இன்று நிறுத்திவிட்டு நாளை ஆர்கானிக் என்று சொல்ல முடியாது. ஆண்டுப் பயிர் செய்யும் நிலம் மாறுவதற்கு 2 ஆண்டுகள் ஆகும். பால் அதிகம் சுரக்க ஹார்மோன் ஊசி போடக் கூடாது.

மாட்டுக்கு நோய் வந்தால்? கட்டாயம் வைத்தியம் செய்ய வேண்டும். மாட்டைத் துடிக்க விடுவது இயற்கை முறை ஆகாது. ஆனால் மருந்து கொடுத்த பிறகு, குறித்த நாட்கள் வரை அந்தப் பாலை ஆர்கானிக் என்று விற்கக் கூடாது.

பால் சங்கத்தில் லாக்டோமீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். தண்ணீர் கலந்ததா என்று அது காட்டும். கொழுப்பு எவ்வளவு என்று வேறொரு கருவி காட்டும். மாடு எந்த நிலத்துப் புல்லைத் தின்றது என்று காட்டும் கருவி இல்லை. அதனால்தான் நிலத்தையும் தொழுவத்தையும் கணக்கையும் நேரில் பார்த்துச் சான்று தருகிறார்கள். அந்தச் சான்றின் அடையாளம்தான் பாக்கெட்டில் உள்ள சின்னம்.

நம் நாட்டில் இதற்கான தேசியத் திட்டம் 2001-ல் தொடங்கியது. அதன் சின்னம் "இந்தியா ஆர்கானிக்". விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டுப் பெறும் சான்றும் உண்டு. அதன் சின்னம் "பி.ஜி.எஸ். இந்தியா".

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். பால் பாக்கெட்டில் சதுரத்துக்குள் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். அது சைவ உணவு என்பதற்கான அடையாளம். ஆர்கானிக் என்பதற்கு அல்ல. 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். அது உணவு வணிகத்துக்கான உரிமம். அதுவும் ஆர்கானிக் சான்று அல்ல. "இயற்கை", "பண்ணைப் பால்", "சுத்தம்" என்று எழுதியிருந்தாலும் அவை சான்று ஆகா.

காபிக் கடையில் குவளைதான் கைக்கு வரும். பாக்கெட் வராது. கூடுதல் விலை கொடுப்பவர், "பாக்கெட்டைக் காட்டுங்கள்" என்று கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பால் ஆர்கானிக் என்றால் காபித்தூளும் சர்க்கரையும் ஆர்கானிக் என்று ஆகிவிடாது.

ஆர்கானிக் பால் வாங்க முடியாத தாய்மார்கள் கவலைப்பட வேண்டாம். சாதாரணப் பாலிலும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். எந்தப் பாலானாலும், கறந்த பாலைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். காய்ச்சாத பாலால் காசநோய்கூடப் பரவும். ஆர்கானிக் என்ற சொல் கிருமியைக் கொல்லாது.

மாடு வளர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். இரண்டு மாடு வைத்திருக்கும் பெண் ஒருவர், உரம் போடாத நிலத்துப் புல்லைத்தான் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சங்கத்தில் ஊற்றியதும் அவருடைய பால் மற்ற பாலோடு கலந்துவிடும். அவர் உழைப்புக்குத் தனி விலை கிடைக்காது. அவரைப் போன்றவர்கள் 5 பேராவது சேர்ந்தால் குழுச் சான்றுக்கு முயலலாம். அதற்குத் தினசரிக் கணக்கு எழுத வேண்டும். என்ன தீவனம், என்ன மருந்து, எந்தத் தேதி என்று குறிக்க வேண்டும். எழுதத் தெரிந்த கைக்கு அது முடியாத வேலையா?

பெரிய எழுத்தைப் படித்ததோடு நிறுத்தாதீர்கள். பாக்கெட்டைத் திருப்புங்கள். பின்புறத்துச் சின்ன எழுத்தையும் படியுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். பிறகு பணத்தைக் கொடுங்கள்.