அழுகிய திராட்சையின் ஆயுள்



ஹங்கேரியின் நாட்டுப்பண்ணில் ஒரு திராட்சைத் தோட்டம் வருகிறது. தங்கள் நாட்டுக்குக் கடவுள் அருளியவற்றைச் சொல்லிவரும் இடத்தில், தொகாய் என்ற ஊரின் கொடிகளையும் சேர்த்துவிட்டார் கவிஞர் கொல்ச்செய். எழுதியது 1823-இல். அந்தக் கொடிகள் தரும் இனிப்பு ஒயினுக்கு அசூ என்று பெயர். இன்று நான் பேசப்போவது அதன் பழைய குப்பிகளைப் பற்றி. பல பத்தாண்டு வயதானவை.

நாட்டின் வடகிழக்கே, திசா ஆற்றில் பொத்ரோக் ஆறு வந்து கலக்கும் இடம் தொகாய். இலையுதிர் காலத்தில் விடியற்காலை ஆற்றிலிருந்து மூடுபனி ஏறித் தோட்டங்களை மூடும். வெயில் ஏறியதும் பனி கலைந்துவிடும். இப்படி ஈரமும் வெயிலும் மாறி மாறி வந்தால்தான் காரியம் நடக்கும். பொட்ரைடிஸ் என்ற சாம்பல் பூஞ்சை திராட்சையின் தோலைத் துளைக்கும்; வெயில் உள்ளே இருக்கும் தண்ணீரை வற்றவைக்கும். மணி சுருங்கி, சர்க்கரையும் புளிப்பும் உள்ளே இறுகிக்கொள்ளும். வெறும் ஈரம் மட்டும் என்றால் குலையே நாறிப்போகும். வற்றிய மணி பார்ப்பதற்கு எலிப்புழுக்கை மாதிரி இருக்கும். மன்னிக்க வேண்டும், வேறு உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே குலையில் ஒன்று வற்றியிருக்கும், பக்கத்தில் இருப்பது உருண்டையாக நிற்கும். அதனால் ஒவ்வொரு மணியாகக் கையால் பொறுக்குகிறார்கள். ஒரே கொடிக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டும்.

பொறுக்கியதை முதுகுக் கூடையில் சுமந்தார்கள். கூடை ஏறக்குறைய 25 கிலோ பிடிக்கும். 136 லிட்டர் பீப்பாய்க்கு எத்தனை கூடை மணி போட்டார்கள் என்பதுதான் அந்தக் காலத்துத் தர அளவு. குப்பியின் மேல் இன்றைக்கும் 5 புத்தோன்யோஷ், 6 புத்தோன்யோஷ் என்று எழுதியிருப்பது அந்தக் கூடைக் கணக்குத்தான். இப்போது கூடையை யாரும் எண்ணுவதில்லை, சர்க்கரையை அளக்கிறார்கள். 2013-இல் வந்த விதிப்படி, அசூ என்று பெயர் போட லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை வேண்டும். ஆறு என்று போட 150. மூன்றும் நாலும் ஒழிந்துவிட்டன. எனவே 3 என்றோ 4 என்றோ போட்ட அசூவைக் கண்டால் அது பழைய விதிக்காலத்துச் சரக்கு.

லிட்டருக்கு 150 கிராம் என்றால் பாகு மாதிரித் திகட்டாதா? திகட்டாது. அங்கே முக்கியமாக விளையும் ஃபுர்மின்ட் திராட்சைக்குப் பிறவியிலேயே புளிப்பு அதிகம். முதலில் இனிப்பு வரும். விழுங்கியபின் புளிப்பு எழுந்து வாய் ஊறவைக்கும். எலுமிச்சை பிழிந்த பானகம் குடித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அந்தப் புளிப்புதான் ஒயினை இத்தனை வருஷம் நிமிர்த்தி வைத்திருக்கிறது. பழைய குப்பிக்கு நாம் கொடுக்கும் காசு அதற்குத்தான்.

ஆனால் ஆண்டை மட்டும் நம்பி வாங்கக்கூடாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். புடாபெஸ்டில் ஒரு கடையில் 1970களின் குப்பி ஒன்றைப் பார்த்து, ஆண்டிலேயே மயங்கி வாங்கிவிட்டேன். திறந்தால் கெட்டுப்போன வாசனை. தக்கைக்குக் கீழே மூன்று விரல் காலியாக இருந்ததை வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும். காற்று புகுந்துவிட்டது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி?

அந்தக் காலத்துக் குப்பிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தோட்டங்கள் அரசுடைமை ஆயின. எந்தச் சரிவில் விளைந்தது என்ற பேதமில்லாமல் திராட்சை ஒன்றாகக் கலந்தது. பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குப் போனது. எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். 1972 நல்ல ஆண்டு. ஆனாலும் குப்பிக்குக் குப்பி வேறுபடும். பிறகு காலம் மாறியது. 1990-இல் ஆங்கில ஒயின் எழுத்தாளர் ஹியூ ஜான்சனும் வேறு சிலரும் சேர்ந்து ராயல் தொகாய் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பிரான்சு, ஸ்பெயின் முதலீடுகளும் வந்தன. 1993 அறுவடை அருமையாக அமைந்தது. முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு நான் 1993 அல்லது 1999 என்பேன்.

பெயரிலும் கவனம் வேண்டும். எசென்சியா என்பது, குவித்து வைத்த மணிகளின் சொந்தப் பாரத்தில் தானாகக் கசியும் சாறு. லிட்டருக்கு 450 கிராமுக்குக் குறையாத சர்க்கரை, நொதிக்கவே ஆண்டுக்கணக்காகும். கரண்டியில்தான் தருவார்கள். பழைய குப்பிகளில் அசூஎசென்சியா என்று ஒன்று இருக்கும். அது அசூவில் உயர்ந்த ரகமே தவிர எசென்சியா அல்ல. இரண்டுக்கும் ஒரே விலை கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

இளம் அசூ பொன் நிறம். தேனும் ஆப்ரிகாட்டும் மணக்கும். வயது ஏற ஏறக் கருப்பட்டி நிறத்துக்கு வரும். காய்ந்த அத்தி, வால்நட், ஆரஞ்சுத்தோல், தேயிலை என்று வாசனை மாறிக்கொண்டே போகும். நிறம் கறுத்ததைக் கண்டு பயப்படாதீர்கள், கலங்கியிருந்தால் மட்டும் யோசியுங்கள். 12 டிகிரி அளவில் குளிர்வித்து, சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, மெதுவாகச் சுவையுங்கள். அரை லிட்டர் குப்பி எட்டுப் பேருக்குத் தாராளம். மிஞ்சினால் தக்கையை அடைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். சில வாரங்கள் கெடாது.