இருப்புப்பாதையும் அதன் அயல் நிலமும்

இருப்புப்பாதையின் பாதுகாப்பு என்றதும் தண்டவாளமே எவர் நினைவுக்கும் வரும். ஆயினும் ஆபத்து சில வேளைகளில் அதற்கு வெளியேயுள்ள மண்ணிலிருந்து வருகின்றது. ஸ்கொட்லாந்தில் நேர்ந்த விபத்தொன்று இதனை உணர்த்திற்று.

2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆந் திகதி, ஸ்ரோன்ஹேவன் நகருக்கருகே கார்மொன்ட் என்னுமிடத்திற் பெருமழை பெய்தது. சரிவிலே அமைந்த வடிகாலின் கற்களை வெள்ளம் அரித்துப் பாதையிற் கொணர்ந்து குவித்தது. அவற்றில் மோதிய புகையிரதம் தடம்புரண்டது; மூவர் மாண்டனர், அறுவர் காயமுற்றனர். அவ்வடிகால் வரைபடத்திற் கண்டபடி கட்டப்படவில்லை என்பதை விசாரணை வெளிப்படுத்திற்று.

நெடிய பாதையொன்றின் சரிவுகள் அனைத்தையும் நடந்துசென்று அளப்பது அரிது. இன்று ஹெலிகொப்டரிலோ ஆளில்லா விமானத்திலோ பொருத்திய கருவி, லேசர் ஒளித் துடிப்புகளை நிலத்தின்மீது பாய்ச்சுகின்றது. ஒளி சென்று மீளும் நேரத்தாற் தூரம் பெறப்படும். கருவி இருந்த இடத்தைச் செய்மதிகள் காட்டும். இவ்விரண்டுஞ் சேர்ந்து நிலத்தின் உருவத்தை எண்ணிறந்த புள்ளிகளாகத் தருகின்றன. இலைகளின் இடைவெளியூடே செல்லும் ஒளி மரங்களின் கீழுள்ள தரையையும் அளக்கும். இரு காலத்து அளவீடுகளை ஒப்பிட்டால், மண் சரிந்த இடம் புலப்படும். வெள்ளம் ஓடக்கூடிய வழியையுங் கணிக்கலாம்.

எனினும் வானிலிருந்து நோக்கும் இக்கருவி மண்ணுள் மறைந்த குழாயைக் காணாது. வரைபடத்திலுள்ளது நிலத்திலும் உள்ளதா என்பதை, மண்ணால் மூடுமுன்னரே நேரிற் பார்ப்பவர் வேண்டும். ஐயத்துக்குரிய இடத்தைக் கருவி சுட்டும். அங்கு சென்று சீர்செய்வது மனிதரின் கடமையாகும்.