கதிரவன் எதனால் ஆனவன்?



மட்டாஞ்சேரியில் வாழும் நமக்குக் கதிரவன் கடலில் இறங்கும் காட்சி புதிதன்று. காய்ச்சிய இரும்புத் தட்டோ என்று கண் மயங்கும். நூறாண்டுகளுக்கு முன் அறிஞர்களும் அதற்கு வெகு தொலைவில் இல்லை.

கதிரவன் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியில் பிரித்தால் வண்ணங்களினூடே கருங்கோடுகள் தோன்றும். ஒவ்வொரு தனிமத்திற்கும் தனிக் கோடுகள் உண்டு. அவற்றுள் இரும்பின் கோடுகள் ஏராளம். ஆகவே, பூமியில் உள்ள பொருள்களே அங்கும் அதே அளவில் கொதிக்கின்றன என்று முடிவு கட்டினர்.

அம் முடிவை அசைக்கும் கருவியைத் தந்தவர் நம் நாட்டவரான மேகநாத சாகா. எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு அழுத்தத்தில், அணுக்களுள் எத்தனை பங்கு எலெக்ட்ரானை இழக்கும் என்று கணக்கிடும் சமன்பாட்டை அவர் 1920இல் வெளியிட்டார். கோடு மிகுந்தால் பொருளும் மிகும் என்று கொள்ளலாகாது என்பது அதனால் விளங்கிற்று. இம் மண்டபத்தையே பாருங்கள். ஆரவாரம் செய்வோர் பின்வரிசையில் நாலு பேர். அவர்களை நான் குறை கூறவில்லை! வாய் திறவாதோர் எத்தனை பேர்? ஓசையைக் கொண்டு தலை எண்ண முடியுமா? கதிரவனில் ஹைட்ரஜன் வாய் திறவாக் கூட்டம். அதன் அணுக்களில் பல கோடிக்கு ஒன்றே நம் கண்ணுக்குப் புலனாகும் கோட்டை வரைகிறது.

சாகாவின் வழியைப் பின்பற்றி, அமெரிக்காவின் ஹார்வார்டு வானாய்வகத்தில் செசிலியா பெயின் என்ற இளம்பெண் கணக்கிட்டார். உலோகங்களைவிட ஹைட்ரஜன் ஏறத்தாழப் பத்து லட்சம் மடங்கு என்று விடை வந்தது. அக்காலத்துப் பேரறிஞர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல், இது நடவாத காரியம் என்று எழுதினார். 1925இல் அளித்த ஆய்வேட்டில் அப் பெண், தம் விடை பெரும்பாலும் மெய்யன்று என்று தம் கையாலேயே எழுதினார். இவ்விடம் எனக்கு எப்போதும் நெஞ்சை உறுத்தும். நான்கே ஆண்டுகளில், 1929இல், ரஸ்ஸல் வேறு வழியில் சென்று அதே விடையை அடைந்தார். கதிரவனின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன் என்பது இன்றைய கணக்கு.

ஆயினும் கதிரவனின் உள்ளே இருப்பது இரும்பே என்று வாதிடுவோர் நம் காலத்திலும் தோன்றியுள்ளனர். பெயினையும் அன்று மறுத்தார்கள் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். மறுக்கப்பட்டவரெல்லாம் பெயின் ஆகிவிடுவாரா? அவர் கையில் அளந்த கோடுகள் இருந்தன. ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகையில் நியூட்ரினோ என்னும் நுண்துகள் பிறக்கும். கதிரவனின் நடுவில் பிறந்து எட்டு நிமிடத்தில் நம்மை வந்தடையும் அத் துகள்களை, இத்தாலியில் கிரான் சாசோ மலையடியில் அளந்து 2014இல் வெளியிட்டனர். கதிரவன் தரும் ஒளிக்கு எவ்வளவு ஹைட்ரஜன் எரிய வேண்டுமோ அந்தக் கணக்கோடு அவ்வளவு ஒத்திருந்தது. இரும்பு என்போர் முதலில் அவ்வெண்ணிக்கைக்கு விடை கூறட்டும். அடுத்த ஆண்டு விழாவில் இம் மேடையை அவர்களுக்கே தருவோம்.