நிலைப்படியில் நின்றுபோகும் கால்கள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது)



நம்ம குழு உறுப்பினர் ஒருவர் தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வரவில்லை. தீர்மானப்படி அபராதம் போட்டோம். பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வீட்டுக்காரரைத் தனியே விட்டுட்டு வர அவரால் முடியவில்லை. தெருவில் ஓரளவு நடந்து வருகிற மனுஷன், நிலைப்படிக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறார். "வேணும்னே நிக்கிறாரு"ன்னு மகன் கையைப் பிடித்து இழுக்க, விழுந்து நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. சொல்லவே கூச்சமாக இருக்கு, நாங்களும் வயசுக் கோளாறு என்றுதான் நினைத்திருந்தோம்.

அது பார்க்கின்சன் நோய். நடுக்குவாதம்னும் சொல்வாங்க. 1817-ல் இதைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவரின் பெயர்தான் நோய்க்கு வந்தது. மூளையில் டோபமின் என்ற பொருள் குறைவதால் உடம்பு மெதுவாகிறது, விறைக்கிறது. எல்லோருக்கும் கை நடுங்கும் என்று இல்லை.

நமக்கு நடை தானாக வருகிறது. தலையில் கூடை, வாயில் ஊர்க்கதை என்று போய்விடுவோம். இவர்கள் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்க வேண்டும். வருஷம் போகப்போகப் பலருக்கு அந்த யோசனையும் மந்தமாகும், கவனம் சிதறும். அப்போது நடை இன்னும் கெடும். அதனால் நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீங்க, கையில் காபி டம்ளரும் வேண்டாம். நின்றுவிட்டால் இழுக்காதீங்க. கொஞ்சம் நிற்கட்டும். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடம்பைச் சாய்க்கச் சொல்லி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுங்க. தரையில் சுண்ணாம்பால் குறுக்குக்கோடு போட்டு அதைத் தாண்டச் சொன்னால் பலருக்குக் கால் எழும்பும். தினம் கோலம் போடும் நமக்கு இது ஒரு வேலையா!

லெவோடோபா மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்கணும். பருப்பு, முட்டை, கறியோடு சேர்ந்தால் சிலருக்கு அது சரியாக வேலை செய்யாது. அதனால் சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் கொடுப்பது என்று டாக்டரிடம் கேளுங்க. நீங்களாக நிறுத்திவிடவே கூடாது. பூனைக்காலி விதையிலும் இதே பொருள் இருப்பது உண்மைதான். அதுக்காக அரைத்துக் கொடுத்துடாதீங்க, அளவு தெரியாது.

இல்லாத ஆள் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னால் பேயும் இல்லை, பில்லியும் இல்லை. டாக்டரிடம் சொல்லுங்க. அதற்குக் கொடுக்கிற சில மாத்திரைகளே விறைப்பைக் கூட்டிவிடும். வாந்திக்குக் கொடுக்கிற சில மாத்திரையாலும் இந்த மாதிரி நடை வரும். இன்னொன்று: நடைக் கோளாறு, மறதி, சிறுநீர் அடக்க முடியாமை மூன்றும் சேர்ந்திருந்தால் மூளைக்குள் நீர் தேங்கியிருக்கலாம். ஆபரேஷன் செய்தால் அப்படிப்பட்டவர்களில் பலருக்கு நடை தேறும். ஆகவே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்க. சாப்பிடுகிற மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்க.

அந்தச் சகோதரியின் அபராதத்தை ரத்து செய்தாச்சு. அடுத்த குழுக் கூட்டம் அவர் வீட்டுத் திண்ணையில்தான், மாலை 4 மணிக்கு.