அருவிக்கரையில் ஓர் இரவு



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்து இளைஞர்கள் கூடாரத்தையும் மீ பொட்டலங்களையும் கட்டிக்கொண்டு அருவிக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். பத்துமலையைத் தாண்டி ரவாங் சாலையில் போனால் டெம்ப்ளர் பூங்கா. அதையடுத்து ஏழு அடுக்காக இறங்கும் காஞ்சிங் அருவி. போகட்டும், நல்லதுதான். குளித்துவிட்டுத் திரும்புவது ஒன்று; ஆற்றோரம் இரவு தங்குவது வேறு.

பால்மரம் சீவுகிறவர்களுக்கு மழையைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. விடியுமுன்னே வானத்தைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. ஆனால் அருவிக்கரையில் தலைக்கு மேலிருக்கும் வானத்தை நம்பக்கூடாது. மழை மலையுச்சியில் பெய்யும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். திடீரென்று மரக்கட்டையும் கல்லும் சேறுமாக வெள்ளம் பாய்ந்து வரும். இதைத்தான் மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். 2021 ஆகஸ்டு 18-இல் கெடாவின் ஜெராய் மலையடிவாரத்தில் இது உயிர்களைப் பறித்தது. பாலைவனத்திலும் இதே கதைதான். 1997 ஆகஸ்டு 12-இல் அமெரிக்காவின் அரிசோனாவில், ஆண்டிலோப் என்னும் குறுகிய பாறைப் பிளவுக்குள் இருந்த 11 பேர் மாண்டார்கள். மழை பெய்ததோ பல மைல்களுக்கு அப்பால்!

தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், சாமான்களை எடுக்க நிற்காதீர்கள். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். அக்கரையில் செருப்பு கிடக்கிறதே என்று குறுக்கே இறங்கவே கூடாது.

அப்படியானால் கூடாரத்தை எங்கே அடிப்பது? ஆற்றுக்கு நடுவிலுள்ள மணல் திட்டு பார்க்க அழகாயிருக்கும். அது வெள்ளம் போட்ட மணல். கரையிலிருந்து விலகி, மேட்டில் அடியுங்கள். ஆனால் வெட்டிய சரிவுக்கு அடியிலும் வேண்டாம். 2022 டிசம்பர் 16-ஆம் தேதி அதிகாலை, பத்தாங்காலி அருகே முகாமில் உறங்கியவர்கள்மீது மண் சரிந்து, 31 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. முன்பு பல நாள் பெய்த மழை அந்த மண்ணில் ஊறியிருந்தது. ஆகவே அன்றைய மழையை மட்டுமல்ல, போன வார மழையையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளைகளை அனுப்புமுன், அந்த இடத்தில் இரவு தங்க அனுமதி உண்டா என்று வன இலாகாவிடம் கேளுங்கள். எந்த ஆறு, எத்தனை பேர், எப்போது திரும்புவார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். குறித்த நேரத்தில் வராவிட்டால், 999-க்கு அழைக்கும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.